கடன் கொடுத்தவர் வரைந்த கார்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும் போது பொறுமையாக வாசியுங்கள்.

எமது ஊர்களில் சுயதொழில் கடன் கொடுக்கும் இடங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று இருக்கிறது. ஒரு ராத்தா காலையில் இடியப்பம் அவித்து விற்கிறார். கையில் தொழில் இருக்கிறது, வாங்க ஆட்களும் இருக்கிறார்கள். அவருக்குத் தேவை இன்னொரு அடுப்பும் கொஞ்சம் மாவும்தான். ஆனால் வந்திருக்கும் திட்டத்தில் தையல் மெஷினுக்குத்தான் கடன். அவரும் கையொப்பம் வைத்து மெஷினை எடுக்கிறார். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மெஷின் மூலையில் நிற்கிறது, அதன் மேல் கழுவிய உடுப்பு மடித்து வைத்திருக்கிறது. தவணை மட்டும் மாதா மாதம் போகிறது.

இதே வேலையை அமெரிக்க அரசாங்கமும் ஒருமுறை செய்தது. அங்கே இடியப்பத்துக்குப் பதில் கார். கம்பனியின் பெயர் கிறைஸ்லர். பொதுப் பணத்தைக் கடனாகக் கொடுக்கும் எவருக்கும் இந்தக் கதையில் ஒரு பாடம் இருப்பதால்தான் எழுதுகிறோம்.

2008 இல் அமெரிக்காவில் பெற்றோல் விலை ஒரு கலன் 4 டொலரைத் தாண்டியது. அதே ஆண்டின் கடைசியில் வங்கிகள் சரிந்தன, கார் வாங்க எவருக்கும் கடன் கிடைக்கவில்லை. ஜெனரல் மோட்டர்ஸ், கிறைஸ்லர் இரண்டும் சம்பளம் கொடுக்கவே வழியில்லாத நிலைக்கு வந்தன. டிசம்பரில் ஜனாதிபதி புஷ் இரண்டுக்குமாக 17.4 பில்லியன் டொலர் கடன் அறிவித்தார். 2009 மார்ச்சில் புதிய ஜனாதிபதி ஒபாமா, கிறைஸ்லர் கொடுத்த மீட்சித் திட்டம் போதாது என்றார். இத்தாலியின் பியட் கம்பனியோடு ஓர் உடன்பாட்டுக்கு வர 30 நாள் அவகாசம் கொடுத்தார். ஏப்ரல் 30 இல் கிறைஸ்லர் வங்குரோத்து நீதிமன்றம் போனது. ஜூனில் புதிய கிறைஸ்லராக வெளியே வந்தது.

இனித்தான் முக்கியமான இடம். பியட் காசாக எதுவும் போடவில்லை. தொழில்நுட்பத்தையும் நிர்வாகத்தையும் கொடுத்து ஆரம்பத்தில் 20 வீதப் பங்கை எடுத்தது. மேலும் 15 வீதம் வேண்டுமென்றால் மூன்று வேலைகளை முடித்துக் காட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 5 வீதம் என்று மீட்பு ஒப்பந்தத்தில் எழுதினார்கள். ஒன்று, பியட்டின் எஞ்சின் ஒன்றை அமெரிக்காவில் தயாரிப்பது. இரண்டு, வட அமெரிக்காவுக்கு வெளியே வியாபாரத்தைப் பெருக்குவது. மூன்று, பியட்டின் அடித்தளத்தில், கலனுக்கு 40 மைல் ஓடும் கார் ஒன்றை அமெரிக்காவில் செய்வது. எமது கணக்கில் அது லீற்றருக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர்.

அந்த மூன்றாவது நிபந்தனைக்குப் பிறந்த கார்தான் டொட்ஜ் டார்ட். இத்தாலியின் அல்பா ரோமியோ ஜூலியெட்டாவின் அடித்தளத்தை அகலமாக்கிச் செய்தார்கள். 2012 ஜனவரியில் டெட்ரொய்ட் கண்காட்சியில் திரை விலக்கினார்கள். அதே மாதம் பியட்டுக்குக் கடைசி 5 வீதமும் கிடைத்தது. கவனியுங்கள், அப்போது ஒரு டார்ட் கூட விற்கப்பட்டிருக்கவில்லை. கடைக்கு வந்ததே அந்த ஆண்டின் நடுப்பகுதியில்தான். நிபந்தனை கேட்டது காரைச் செய்வதை. யாராவது வாங்குவார்களா என்று அது கேட்கவே இல்லை.

பிறகு என்ன நடந்தது? டார்ட் எந்த ஆண்டிலும் அமெரிக்காவில் 90,000 ஐ எட்டவில்லை. அதே சந்தையில் டொயோட்டா கொரோலாவும் ஹொண்டா சிவிக்கும் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 3 இலட்சத்துக்கு மேல் விற்றன. 2014 இல் பெற்றோல் விலை இறங்கத் தொடங்கியதும் மக்கள் மறுபடியும் உயரமான வாகனங்களின் பக்கம் போனார்கள். 2016 ஜனவரியில் கம்பனியின் தலைவர் செர்ஜியோ மார்க்கியோனே டார்ட்டையும் கிறைஸ்லர் 200 என்ற இன்னொரு காரையும் நிறுத்துவதாக அறிவித்தார். அந்த ஆண்டே டார்ட் முடிந்தது. கம்பனியைத் தாங்கிப் பிடித்தது ஜீப்பும் ராம் பிக்கப்பும். அதாவது, மூலையில் நின்ற தையல் மெஷின் டார்ட். வீட்டில் அடுப்பு எரிந்தது பழைய இடியப்பத் தொழிலால்.

டார்ட் செய்யப்பட்டது இலினோய் மாநிலத்தின் பெல்விடியர் ஆலையில். அதன் பிறகு அங்கே ஜீப் செரோக்கி வந்தது. 2023 பெப்ரவரியில் அந்த ஆலையின் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. அதற்கு டார்ட்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை, இடையில் எத்தனையோ நடந்தன. ஆனால் ஓர் ஆலைக்கு எந்த மொடல் வருகிறது என்பதில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு இருக்கிறது. அதை ஒப்பந்தத்தில் ஒரு சரி அடையாளம் போடுவதற்காகத் தீர்மானிக்கக் கூடாது.

அப்படியானால் அரசாங்கக் கடனே பிழையா? இல்லை. இதே கிறைஸ்லரின் முந்தைய கதையைப் பாருங்கள்.

1979 இலும் கிறைஸ்லர் விழும் நிலையில் இருந்தது. லீ அயகோக்கா தலைவராக இருந்தார். காங்கிரஸ் சட்டம் இயற்ற, 1980 ஜனவரியில் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்டார். அரசாங்கம் பணமாகக் கொடுக்கவில்லை, 1.5 பில்லியன் டொலர் கடனுக்குப் பிணை நின்றது. நிபந்தனைகள் கடுமையாகவே இருந்தன. தொழிலாளர் சம்பளத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும், வங்கிகளும் விட்டுக்கொடுக்க வேண்டும், கணக்கைப் பார்க்க அரசாங்கத்தின் சபை ஒன்று இருக்கும். அயகோக்கா ஆண்டுக்கு 1 டொலர் சம்பளம் எடுத்தார். ஆனால் என்ன கார் செய்வது என்பதைக் கம்பனியே வைத்திருந்தது. கே கார் எனப்பட்ட பிளிமத் ரிலையன்ட், டொட்ஜ் ஏரிஸ் இரண்டும் கடனுக்கு முன்பே வரைபடத்தில் இருந்தவை. 1980 இல் வெளியாகி விற்றன. 1983 இல், தவணைக்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே கடன் அடைந்தது. அதே ஆண்டின் கடைசியில் மினிவேன் வந்தது. அந்த யோசனையைக் கொண்டு வந்த ஹால் ஸ்பெர்லிக் அதை முன்பு போர்ட் கம்பனியில் சொல்லி எடுபடாமல் வந்தவர். எந்த அதிகாரியும் கேட்காத அந்த வாகனம்தான் கம்பனிக்குப் பல ஆண்டுகள் சோறு போட்டது.

இன்னும் ஓர் உதாரணம். எரிபொருள் சிக்கன வாகனங்களுக்காக 25 பில்லியன் டொலர் வரை கடன் கொடுக்கும் திட்டத்துக்கு 2007 இல் அமெரிக்கா சட்டம் செய்தது. அதில் டெஸ்லாவுக்கு 465 மில்லியன் கிடைத்தது. 2008 இன் கடைசியில் டெஸ்லாவும் விழும் நிலையில் இருந்த கம்பனிதான். ஆனால் மொடல் எஸ் காரை அது கடன் கிடைக்கும் முன்பே வரைந்து காட்டியிருந்தது. 2013 இல் கடனை ஒன்பது ஆண்டுகள் முன்னதாக அடைத்தது. அதே திட்டத்தில் பிஸ்கர் என்ற கம்பனிக்கு 529 மில்லியன் அனுமதி. அதுவும் சொந்தமாகத்தான் கார் வரைந்தது, ஆனால் சொன்ன நேரத்தில் சொன்ன வேலை முடியவில்லை. அரசாங்கம் 192 மில்லியனோடு நிறுத்திக் கொண்டது. 2013 இல் கம்பனி வங்குரோத்தானது, 139 மில்லியன் நட்டம். சொந்த யோசனை இருந்தால் மட்டும் போதாது, கண் வைத்துப் பார்க்கவும் வேண்டும் என்பது இதன் பாடம். தவணை தவணையாகக் கொடுத்ததால்தான் நட்டம் அத்தோடு நின்றது.

இங்கே சிலர் கேட்கலாம்: "மக்களின் வரிப்பணம் வாங்கும் கம்பனி, நாட்டுக்குத் தேவையான சிக்கனமான காரைச் செய்தால் என்ன? கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை இல்லையா?" நியாயமான கேள்வி. 2008 இல் கிறைஸ்லரிடம் சிறிய, சிக்கனமான நல்ல கார் இல்லை என்பது உண்மை. அது தானாக மாறியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2009 இல் அந்தக் கடன் இல்லாமல் இருந்திருந்தால் ஜீப்பும் தப்பியிருக்காது. 2011 மே மாதத்தில் கிறைஸ்லர் அமெரிக்க, கனேடிய அரசாங்கங்களுக்கு 7.6 பில்லியன் டொலரைத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்காவுக்கு மொத்தத்தில் ஏறத்தாழ 1.3 பில்லியன் நட்டம். ஒரு பெரும் தொழிலையும் அதன் ஊர்களையும் காப்பாற்ற அது பெரிய விலை இல்லை என்பதே எமது கருத்து.

ஆனால் நாட்டுக்குச் சிக்கனம் வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருந்தது. 2009 மே மாதத்தில் ஒபாமா அரசாங்கமே அதையும் அறிவித்தது: 2016 ஆம் ஆண்டு மொடல்கள் சராசரியாகக் கலனுக்கு 35.5 மைல் ஓட வேண்டும் என்ற விதி. அது எல்லாக் கம்பனிக்கும் பொதுவானது. எந்தக் காரை, எந்த எஞ்சினை, எப்படி என்று அது சொல்லவில்லை. பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே கோடு. கடன் வாங்கியவனின் கையைப் பிடித்து ஒரு காரை வரைவதை விட இது நூறு மடங்கு மேல்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். கடன் கொடுப்பவர் கணக்கைக் கேட்கட்டும். சம்பளத்தை, வீண் செலவைக் கேட்கட்டும். சொன்ன வேலை முடியாவிட்டால் அடுத்த தவணையை நிறுத்தட்டும். பொதுப் பணம் அமானிதம், கேட்காமல் விடுவதுதான் குற்றம். ஆனால் என்ன செய்து விற்பது என்பதை, வாங்குபவரின் முகத்தைத் தினமும் பார்ப்பவர் தீர்மானிக்கட்டும். நிபந்தனை போடுவதென்றால் "செய்தாயா?" என்று கேட்டு நிறுத்தாமல் "விற்றாயா, தவணை கட்டினாயா?" என்றும் கேளுங்கள்.

வாஷிங்டனுக்கு நாம் புத்தி சொல்லப் போவதில்லை. ஆனால் இதை வாசிப்பவர்களில் பள்ளிவாசல் நிர்வாகத்தில், ஸகாத் குழுவில், சங்கங்களில் இருப்பவர்கள் பலர். அடுத்த கூட்டத்தில் சுயதொழில் உதவிப் பட்டியலை எழுதும் முன், அந்த ராத்தாவின் வீட்டுக்கு ஒருமுறை போய், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டு எழுதுவோம்.