சுடச்சுட ஒரு பொம்மை!

காசு போட்டால் மிட்டாய் தரும் எந்திரம் உண்டு. சோடா தரும் எந்திரமும் உண்டு. பொம்மை செய்து தரும் எந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

"செய்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். உள்ளே அடுக்கி வைத்த பொம்மையை வெளியே தள்ளும் எந்திரம் அல்ல இது. உங்கள் கண் எதிரே, உங்களுக்காகவே ஒன்றை வார்த்துத் தருகிறது! இதன் பெயர் 'மோல்டு-ஏ-ராமா'. பிறந்த நாடு அமெரிக்கா.

உடைந்த பொம்மை

இதைக் கண்டுபிடித்தவர் டைக் மில்லர். இல்லினாய் மாநிலத்தில் குவின்சி என்ற ஊர்க்காரர். 1937-ல் அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் ஒரு பொம்மை உடைந்துவிட்டது. அந்த ஒன்றை மட்டும் வாங்கக் கடையில் வழி இல்லை. மில்லர் யோசித்தார். பிளாஸ்டரில் தாமே பொம்மை செய்தார். அதுவே தொழில் ஆயிற்று. பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறினார்.

1959-ல் அவருடைய கம்பெனி திவால் ஆனது. மனிதர் ஓய்ந்துவிடவில்லை. எந்திரத்தின் உரிமையை ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்தார். 1962-ல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் எந்திரம் மக்கள் முன் வந்தது. 1964-ல் நியூயார்க் கண்காட்சியில் சின்க்ளேர் எண்ணெய்க் கம்பெனி இதை வைத்து டைனோசர் பொம்மைகள் செய்து கொடுத்தது. பிள்ளைகள் விடுவார்களா!

கண்ணாடிக்குள் வேலை

எந்திரத்தின் தலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காசு விழுந்ததும் உலோக அச்சின் இரு பாதிகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். உருகிய பிளாஸ்டிக் கீழிருந்து உள்ளே பாயும். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட அதிகச் சூடு அதற்கு! ஓரத்தில் ஒட்டியது உறையும். நடுவில் இருப்பதைக் காற்று ஊதி வெளியேற்றிவிடும். அதனால்தான் பொம்மையின் உள்ளே கூடு. அச்சு விலகும். பொம்மை கீழே விழும்.

1970 வாக்கில் பெரிய கம்பெனி இந்தத் தொழிலைக் கைவிட்டது. சிறு முதலாளிகள் எந்திரங்களை வாங்கிக்கொண்டார்கள். சிகாகோ பக்கத்து புரூக்பீல்டு மிருகக்காட்சி சாலையில் இன்றும் அவை ஓடுகின்றன.

விடலாமா?

பழைய எந்திரத்துக்கு உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது. பழுது பார்ப்பவர்களே கடைந்து செய்ய வேண்டும். இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக் குப்பை என்பவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் குப்பைக்குப் போகாமல், 1964-ல் வாங்கிய டைனோசரை இன்னும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களே!

இன்றைய எந்திரங்கள் வேலையை மூடி மறைத்துச் செய்கின்றன. ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்பதைக் குழந்தை மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்க்கிற இடம் எத்தனை மிஞ்சியிருக்கிறது? ஆகவே இந்த எந்திரங்களைக் கண்காட்சிப் பொருளாகப் பூட்டி வைக்கக் கூடாது. ஓட விட வேண்டும். பழுது பார்க்கும் கைத்தொழிலை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பொம்மை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கொஞ்ச நேரம் தலைகீழாகப் பிடியுங்கள். அடியில் துளை இருக்கும். உள்ளே இன்னும் சூடு ஆறியிராது!