நின்றுபோன மணியார்டர்

நாகூரில் ஒரு தலைமுறைக்கு முன்பு அஞ்சல்காரரின் மிதிவண்டி மணியோசைக்குத் தனி மதிப்பு இருந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பிழைக்கப் போனவர்களும், பின்னர் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களும், ஊரிலிருந்த மனைவியருக்கும் தாய்மாருக்கும் பணம் அனுப்பினார்கள். அது மணியார்டராக வந்தது. வங்கி வரைவோலையாக வந்தது. ஊர் திரும்பும் உறவினர் மடியிலும் வந்தது. அந்தப் பணத்தில் பிள்ளைகள் படித்தார்கள். ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் வாணிபம் பெருகியது. "உழைக்காமல் கைக்கு வரும் காசு, இந்தப் பெண்கள் சோம்பிப் போவார்கள்" என்று எவரும் பேசி நாம் கேட்டதில்லை. வந்த பணத்தைக் கட்டும்செட்டுமாய் ஆண்டு குடும்பத்தை நிமிர்த்தியவள் என்ற நற்பெயரே அவர்களுக்குக் கிடைத்தது.

மணியார்டர் நின்றுபோன வீடும் அதே தெருவில்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. கணவன் இறந்திருக்கலாம், வேறொருத்தியோடு போயிருக்கலாம், போன இடத்திலிருந்து கடிதமே இல்லாதிருக்கலாம். அந்த வீட்டுத் தாய்க்கு அரசு மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கத் தொடங்கியதும் நம் நாவில் ஒரு புதுச்சொல் முளைத்துவிட்டது: இலவசம்! கணவன் அனுப்பினால் குடும்பப் பணம், அரசு அனுப்பினால் இலவசம் என்னும் இந்த நியாயத்தோடுதான் நமக்கு வழக்கு.

2023 செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேர்ந்தது. 'உதவி' என்னாமல் 'உரிமை' என்று பெயரிட்டதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அறிவிப்பு வந்த நாள் முதல் கடைத்தெருவிலும், ஏன், நம் ஆலய முற்றங்களிலும்கூடக் கேட்கும் ஏளனக் கேள்வி ஒன்றுண்டு: "ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடும்?"

என்ன வரும் என்று பார்ப்போம். நாகூர்ச் சந்து ஒன்றில் விடியுமுன் எழுந்து இடியாப்பம் பிழிந்து வீடு வீடாய் விற்கும் ஒரு தாயை மனக்கண்முன் நிறுத்துவோம். இரண்டு பிள்ளைகள். அரிசி மாவைக் கடனுக்கு வாங்குகிறாள். கடனுக்கு வாங்குபவள் விலை பேச முடியாது. எடை குறைந்தாலும் வாய் திறக்க முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வாரத் தவணைக்காரரிடம் கைநீட்ட வேண்டும். அந்தத் தவணை நாளில் விற்ற காசு முழுவதும் அவருக்கே போய்விட, மறுநாள் மாவுக்கு மறுபடி கடன். அவளை நசுக்குவது வருமானம் சிறியது என்பது மட்டுமன்று. அது எந்த நாளில் வரும், எந்த நாளில் வராது என்பது தெரியாமையே.

மாதத்தின் நடுவில், சொன்ன நாளில், எவரிடமும் கேளாமல் ஆயிரம் ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் ரொக்கம் கொடுத்து மொத்தமாக மாவு வாங்குவாள், விலை பேசுவாள், குறைந்த எடையைத் திருப்பி வைக்கச் சொல்வாள். அடுத்த வாரக் கடனை எடுக்காமல் விடுவாள். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்து என்று அண்ணன் சொன்னால், முடியாது என்று சொல்லும் துணிவு பெறுவாள். பணம் கொடுக்கும் மிகப் பெரிய நன்மை இந்த 'முடியாது' என்னும் சொல்தான். இரந்து நிற்பவளின் அகராதியில் அந்தச் சொல் கிடையாது.

"கொடுக்கும் காசு சாராயத்துக்குத்தானே போகும்?" என்பது அடுத்த கேள்வி. நாகூரிலிருந்து வடக்கே எல்லையைத் தாண்டினால் காரைக்கால் பகுதியின் வாஞ்சூர். அங்கே மதுக்கடைக்குப் போகும் கால்கள் எவருடையவை என்று இந்தக் கேள்வியைக் கேட்பவர்களே சொல்லட்டும். பெண்ணின் பெயரில் வரும் பணத்தைப் பற்றிப் பேசும்போது ஆணின் குற்றத்தை அவள் மடியில் கட்டுவது எவ்வகை அறம்? 2011-இல் மத்தியப் பிரதேசத்தில் 'சேவா' மகளிர் அமைப்பும் யூனிசெஃப் நிறுவனமும் இணைந்து எட்டுச் சிற்றூர்களில் ஒரு சோதனை நடத்தின. நிபந்தனை ஏதுமின்றிப் பெரியவர்க்கு மாதம் 200 ரூபாயும் பிள்ளைகளுக்கு 100 ரூபாயும் கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பின் அது 300, 150 ஆயிற்று. பணம் பெறாத ஊர்களோடு ஒப்பிட்டபோது, பெற்ற ஊர்களில் பிள்ளைகளின் உணவு மேம்பட்டது. பள்ளி வருகை கூடியது. மக்கள் சோம்பவில்லை, முன்னிலும் கூடுதலாக உழைத்தார்கள்.

"பணமாகக் கொடுப்பானேன்? பொருளாகக் கொடுக்கலாமே?" என்பார் சிலர். அவர்களை 2004 டிசம்பர் 26-க்குப் பிந்தைய நாள்களுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் நாகூரிலும் கடல் கொண்டது போக எஞ்சியவர்களுக்கு நாடெங்கிலுமிருந்து பழந்துணி மூட்டை மூட்டையாக வந்திறங்கியது. அன்பினால் வந்த துணிதான், மறுக்கவில்லை. ஆனால் அவை சாலையோரங்களில் மலைமலையாகக் குவிந்து, மழையிலும் மண்ணிலும் கிடந்து மக்கின. தனக்கு என்ன வேண்டும் என்பதை, கொடுப்பவரைவிடப் பெறுபவள் நன்கு அறிவாள் என்ற சிறு உண்மையை நாம் மறந்ததன் நினைவுச்சின்னங்கள் அவை. நம் பங்குத் திருவிழாக்களில் கைம்பெண்களை வரிசையில் நிறுத்திச் சேலை கொடுத்துப் படம் பிடிக்கிறோமே, அங்கும் அதே மறதிதான். அந்தச் சேலையின் விலை அவள் கையில் இருந்திருந்தால் அவள் வாங்கியிருக்கக்கூடியது மகனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடியாய் இருக்கலாம்.

அதனால் அரிசியை நிறுத்திவிட்டுக் காசு கொடுங்கள் என்று சொல்கிறோமா? இல்லை. அந்தத் தவற்றை அண்டை வீட்டிலேயே கண்டோம். காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரியில் 2015 முதல் நியாயவிலைக் கடை அரிசிக்குப் பதிலாகப் பணம் வழங்கும் முறை வந்தது. கடைகள் மூடின, கிடைத்த பணம் சந்தை விலைக்கு ஈடாகவில்லை என்று மக்கள் முறையிட்டார்கள், 2024 அக்டோபரில் மீண்டும் கடைகளைத் திறந்து அரிசி வழங்க வேண்டியதாயிற்று. அரிசி உலைக்கு, பணம் உலைக்கு வெளியே உள்ள வாழ்வுக்கு. ஒன்றைப் பறித்து மற்றொன்றைத் தருவது கொடையன்று, வியாபாரம்.

கருவூலம் தாங்குமா என்று கவலைப்படுவோரும் உண்டு. 2024-25 நிதிநிலை அறிக்கையில் உரிமைத் தொகைக்கு ஒதுக்கப்பட்டது 13,720 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டில் மதுக்கடைகள் வழியே மாநில அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கும் மேல். இதே ஏழை வீடுகளின் பின்வாசல் வழியாக எடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட முன்வாசல் வழியாகத் திரும்பவில்லை. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்?

இதுவரை எள்ளுவோரிடம் பேசினோம். இனிக் கொடுப்போரிடமும் பேச வேண்டும். நம் உண்மையான மனக்குறை அங்கேதான் இருக்கிறது.

தமிழகத்தில் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 1975-இல் தொடங்கியது. 2011-இல் 1,000 ரூபாயாக உயர்ந்த அத்தொகை, 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளில் அரிசியும் எரிவாயுவும் எவ்வளவு ஏறின என்பதை அடுப்படியில் நிற்பவர் அறிவர். தேசிய விதவை ஓய்வூதியத்தில் நடுவண் அரசு தன் பங்கை 2012-இல் 300 ரூபாய் ஆக்கியது. பத்தாண்டு கடந்தும் அதை உயர்த்த மனம் வரவில்லை. மேலும் 2023-இன் விதிப்படி, ஓய்வூதியம் பெறுகிறவளுக்கு உரிமைத் தொகை இல்லை. ஆக, கணவனின் சம்பாத்தியம் உள்ளவளுக்கு ஆயிரம். அது அற்றுப்போனவளுக்கு ஆயிரத்து இருநூறு. கணவனை இழந்ததற்கு அரசு போட்ட மதிப்பு இருநூறு ரூபாய்தானா?

கைவிடப்பட்டவளின் நிலை இன்னும் கொடிது. அவளுக்கென 1986-இல் ஓர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதன் விதி என்ன சொல்கிறது? வயது முப்பதுக்குக் குறையக் கூடாது. சட்டப்படி மணமுறிவோ நீதிமன்றத்தின் பிரிவுச் சான்றோ பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் கைவிடப்பட்டிருக்க வேண்டும். இருபத்தாறு வயதில் இரண்டு பிள்ளைகளோடு தெருவில் விடப்பட்டவள் என்ன செய்வாள்? ஐந்தாண்டு என்பது ஒரு குழந்தை பால்குடி மறந்து பள்ளி சேரும் காலம். பிள்ளைகளின் பசி ஐந்தாண்டு காத்திருக்குமா?

உரிமைத் தொகையையாவது பெறலாமே என்றால், குறுக்கே நிற்பது குடும்ப அட்டை. ஓர் அட்டைக்கு ஒரு பெண் என்பது விதி. இவள் பெயரோ பல வேளைகளில் மாமியார் வீட்டு அட்டையில் கிடக்கும். அல்லது தாய் வீட்டு அட்டையில் ஓர் ஓரத்தில் இருக்கும். தனி அட்டை கேட்டு அலுவலகப் படியேறினால், "கணவர் எங்கே?" என்பதே முதல் கேள்வியாகிறது. அவள் படியேறி வந்ததே அந்தக் கேள்விக்கு விடை தெரியாததால்தான்! எல்லாம் கடந்து பணம் வந்தாலும் இடறல் தீர்வதில்லை. 2023 செப்டம்பரில் முதல் தவணை வந்தபோதே, கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதில் பிடித்தம் செய்தன. மாநில அரசு தலையிட்டுக் கண்டிக்க நேர்ந்தது.

ஆகவே நாம் கேட்பவை சில. ஐந்தாண்டுக் காத்திருப்பையும் முப்பது வயது வரம்பையும் நீக்குக. தனித்து வாழும் தாய்க்குத் தனிக் குடும்ப அட்டை அவளது சொல்லின் பேரிலேயே கிடைக்கச் செய்க. கைம்பெண் ஓய்வூதியத்தையும் உரிமைத் தொகையையும் ஒன்றுக்கொன்று பகையாக்காதிருங்கள். விலைவாசி ஏறும்போது தொகையும் ஏறட்டும். நம் பங்குகளும், ஜமாஅத்தினரும், ஊர்ப் பஞ்சாயத்தாரும் ஒரு திருவிழாவின் சேலை வரிசையை நிறுத்திவிட்டு, எழுதத் தெரிந்த இளைஞர் இருவரை விண்ணப்பம் எழுத உட்கார வைக்கட்டும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவளோடு கூட நடக்கட்டும்.

ஆயிரம் ரூபாய் ஒருத்தியின் வறுமையை ஒழித்துவிடும் என்று நாம் கூறவில்லை. வேலை வேண்டும், நேர்மையான கூலி வேண்டும், நல்ல பள்ளியும் மருத்துவமனையும் வேண்டும். இவை வரும் வரையில் அவளை வாசலில் நிற்க வைக்க நமக்கு உரிமை இல்லை. அன்று மணியார்டர் கொண்டுவந்த அஞ்சல்காரர், "இதை எப்படிச் செலவழிப்பாய்?" என்று கேட்டதில்லை. எண்ணிக் கொடுத்தார், கையொப்பம் வாங்கினார், அடுத்த வீட்டுக்குப் போனார். அரசுக்கும் நமக்கும் அந்த அஞ்சல்காரரின் நாகரிகம் வாய்க்கட்டும்.