நாற்பதுக்கு மேல் வித்தியாரம்பம்

பிறருக்குப் பாடம் சொல்லிப் பிழைப்பவர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. தமக்குத் தெரியாத விஷயங்களின் பக்கமே அவர்கள் போக வேண்டியதில்லை. கணக்கு உபாத்தியாயராகிய நாம் இந்தச் சௌகரியத்தை 22 வருஷ காலம் குறைவின்றி அனுபவித்து வந்தோம். சென்ற கோடை விடுமுறையில் அதற்கு ஒரு முடிவு வந்தது.

அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் இருக்கும் தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தோம். மௌத் ஆர்கன் மீது நமக்குச் சிறு வயது முதலே ஆசை உண்டென்பது அவனுக்குத் தெரியும். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கிளார்க்ஸ்டேல் என்னும் ஊர். அதற்கு அருகே பெரியவர்களுக்காக நடக்கும் ஐந்து நாள் மௌத் ஆர்கன் முகாமில், நம்மை ஒரு வார்த்தை கேட்காமலே நம் பெயரைப் பதிந்து, பணத்தையும் கட்டிவிட்டான். கட்டின பணம் திரும்பாது என்று தெரிந்த பிறகு, வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா? புறப்பட்டோம்.

அந்தப் பிரதேசத்துக்கு மிஸிஸிப்பி டெல்டா என்று பெயர். கண்ணுக்கு எட்டிய வரையில் மேடு பள்ளமில்லாத வயல்வெளி. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பிறகும், கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாரக் குடிகளாகப் பருத்தி பறித்துக் கடனில் உழன்றார்கள். அவர்களுடைய பாட்டுத்தான் ப்ளூஸ். கிளார்க்ஸ்டேலில் 1918-ல் கட்டிய ரயில்வே சரக்குக் கிடங்கு ஒன்று இப்போது ப்ளூஸ் சங்கீதத்துக்கான காட்சிசாலையாக இருக்கிறது. மட்டி வாட்டர்ஸ் என்ற புகழ் பெற்ற பாடகர் குடியிருந்த மரக் குடிசையை அதற்குள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 1941-ல் அவருடைய பாட்டை முதன் முதலாக ஒலிப்பதிவு செய்தபோது அவர் ஒரு பருத்திப் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தார். 1943-ல் சிக்காகோவுக்கு ரயில் ஏறிவிட்டார். அடுத்த வருஷமே, பக்கத்திலுள்ள ஹாப்ஸன் பண்ணையில், விதைப்பு முதல் பறிப்பு வரை முழுவதும் இயந்திரத்தாலேயே ஒரு பருத்தி மகசூல் எடுத்தார்கள். கைகளுக்கு வேலை போயிற்று. ஆட்களும் போனார்கள். பாட்டும் அவர்களோடு வடக்கே போயிற்று.

இனி வாத்தியத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1857-ல் ஜெர்மனியில் டிராஸிங்கன் என்ற ஊரில் ஹோனர் என்பவர் மௌத் ஆர்கன் செய்யத் தொடங்கினார். அந்த நாட்டு நாடோடி மெட்டுகளை ஊதுவதற்கென்று செய்த சாமான் அது. உள்ளங்கையில் அடங்கும். பத்துத் துளைகள், இருபது பித்தளை ரீடுகள். ஒவ்வொரு துளையிலும் ஊதும் மூச்சுக்கு ஒன்று, இழுக்கும் மூச்சுக்கு ஒன்று. ஒரு கட்டைச் சுருதிக்கு அமைந்த வாத்தியத்தில் ஊதினால் அந்தச் சுருதிக்குரிய ஸ்வரங்கள் இணைந்து பேசும். விலை மலிவு, பைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஆகவே அது கடல் கடந்து பருத்திக் காட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அங்கே ஓர் அதிசயம் நிகழ்ந்தது. ஊதுவதற்கென்று செய்த வாத்தியத்தைக் கறுப்பின மக்கள் இழுத்து வாசித்தார்கள். ஒரு கட்டை வாத்தியத்தில் ஐந்து கட்டையை ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள். நம் வித்வான்கள் இதைக் கிரக பேதம் என்பார்கள். சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஷட்ஜமாகக் கொண்டால் ஹரிகாம்போதி பிறக்கிறதல்லவா? அதுவேதான் இது. மேலும், உள்ளிழுக்கும் மூச்சில் ஸ்வரத்தை வளைத்துக் கீழே இறக்கலாம் என்பதையும் கண்டுகொண்டார்கள். அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவே, பெயரில்லாத ஓர் இடத்தில் அவர்களுடைய பாட்டின் ஜீவன் இருக்கிறது. செய்தவர் வைக்காத ஸ்வரம் அது. வாசித்தவர்கள் தேடி எடுத்தது.

ஹார்மோனியமும் இதே ரீட் ஜாதியைச் சேர்ந்ததுதான். கமகத்துக்கு வளையாது என்ற குற்றம் சாட்டி, 1940-ல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்தது. 1971 வரையில் அந்தத் தடை நீடித்தது. ரீட் என்றால் வளையாது என்றே நாமும் நினைத்திருந்தோம். முகாமில் முதல் நாள் அது பொய்யென்று தெரிந்தது. ஆனால் நம்முடைய ரீட் மட்டும் வளைய மறுத்தது.

ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், ஒரு நர்ஸம்மாள், லாரி ஓட்டும் ஒருவர் என்று எல்லோரும் நாற்பதைத் தாண்டிய மாணாக்கர்கள். மூன்றாம் துளையில் ஸ்வரத்தை இறக்குவதுதான் பாடம். இரண்டாம் நாள் மாலைக்குள் எல்லோருக்கும் வந்துவிட்டது, நம்மைத் தவிர. பலங்கொண்ட மட்டும் இழுத்தோம். தொண்டை வறண்டது, தலை சுற்றியது. வாத்தியமோ மூச்சு முட்டிக் கீச்சென்று ஒலித்து நின்றது. ஆசிரியர் அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த எழுபது வயதுக் கறுப்பினப் பெரியவர். "இன்னும் ஒரு தடவை" என்றார். நமக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஐயா, இன்னும் எப்படித்தான் முயல்வது?" என்று கேட்டுவிட்டோம்.

கேட்ட மாத்திரத்தில் நம் நெஞ்சு திக்கென்றது. அதே கேள்வியை நாம் முன்பே கேட்டிருக்கிறோம், வேறொருவன் வாயிலிருந்து. எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கு வராத ஒரு பையன் இருந்தான். அவனுடைய மதிப்பெண் அட்டையில் மூன்று பருவமும் "முயற்சி போதாது" என்று எழுதினோம். மூன்றாம் முறை அவன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் எப்படி ஸார் முயல்வது?" என்றான். அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று எடுத்துக்கொண்டு, பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னோம். மறு வருஷம் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

கிளார்க்ஸ்டேல் பெரியவர் நம்மைப் பெஞ்சு மேல் ஏற்றவில்லை. சிறிது நேரம் நம் முகத்தைப் பார்த்தார். "வாத்தியத்தைக் கீழே வையுங்கள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சீட்டியடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

சீட்டியடிப்பது உபாத்தியாயருக்கு லக்ஷணமல்ல. ஆயினும் அடித்தோம். உச்சத்திலிருந்து மெதுவாகக் கீழே இறங்கச் சொன்னார். இறங்கினோம்.

"இப்போது உங்கள் நாக்கு எங்கே போயிற்று?"

கவனித்தோம். நாக்கு தானாகவே பின்னுக்குப் போயிருந்தது. வாயின் உட்கூடு அகன்றிருந்தது.

"பாடம் அவ்வளவுதான். வாத்தியத்தை வைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். மூச்சைக் கூட்டாதீர்கள்."

விஷயம் இதுதான். வாயின் உட்கூட்டைத் தாழ்ந்த ஸ்வரத்துக்கு ஏற்றபடி அமைத்தால், இழுக்கும் ரீட் இடம் கொடுக்கிறது, அதே துளையிலுள்ள ஊதும் ரீட் துணைக்கு வருகிறது, ஸ்வரம் இறங்குகிறது. மூன்றாம் துளையில் மூன்று அரை ஸ்வரம் வரை இறக்கலாம். பலத்துக்கு இதில் வேலையே இல்லை. நாம் இரண்டு நாளாகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அத்தனையும் தவறான இடத்தில் பட்ட பாடு. மூன்றாம் நாள் காலை, காந்தாரம் தள்ளாடிக்கொண்டு கீழே இறங்கியது. நர்ஸம்மாள் கை தட்டினாள்.

நான்காம் நாள் டட்வைலர் என்ற சிற்றூருக்குப் போனோம். ஸன்னி பாய் வில்லியம்ஸன் என்ற பெயரால் பிரசித்தி பெற்ற ரைஸ் மில்லரின் சமாதி அதன் அருகே இருக்கிறது. 1941 முதல் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஹெலீனா வானொலி நிலையத்திலிருந்து, பகல் போஜன வேளையில் அவருடைய மௌத் ஆர்கனைக் கேட்டு மகிழ்ந்த உழைப்பாளிகள் ஏராளம். 1965-ல் காலமானார். மலர் வளையத்துக்குப் பதிலாக, வருகிறவர்கள் தங்கள் மௌத் ஆர்கனையே கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். மழையில் துருவேறிய வாத்தியங்கள் வரிசையாகக் கிடந்தன. நாமும் ஒன்று வைக்க நினைத்தோம். நம்மிடம் இருந்தது ஒன்றே ஒன்று; மறு நாள் அரங்கேற்றம். கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அரங்கேற்றம் என்றால் பிரமாதமாக எண்ணிவிட வேண்டாம். ப்ளூஸ் பாட்டுக்குப் பன்னிரண்டு தாளக்கட்டு. முதல் அடியைச் சொல்லி, அதையே திரும்பச் சொல்லி, மூன்றாவது அடியில் பதில் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு சுற்று. நம் முறை வந்தபோது முதல் அடி சுமார். இரண்டாவது அடி மோசம். மூன்றாவது அடியில் காந்தாரம் வளைந்தது. பெரியவர் தலையை அசைத்தார்.

ஊர் திரும்பிய பிறகு அந்தப் பையனை விசாரித்தோம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறான் என்றார்கள். போய்ப் பார்த்தோம். "வாங்க ஸார்" என்று எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியை எடுத்துப் போட்டான். அரை அங்குல ஸ்பானர், எட்டில் மூன்று அங்குல ஸ்பானர் என்று அவன் கேட்க, சிறுவன் ஒருவன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது பின்னம் நன்றாகவே தெரிகிறது. நாம் சொல்ல நினைத்துப் போனதில் பாதிதான் சொல்ல முடிந்தது.

இந்தப் பருவம் மதிப்பெண் அட்டைகளில் "முயற்சி போதாது" என்று நாம் எழுதவில்லை. அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவதென்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே யோசிக்க வேண்டியிருந்தது. அதனால் அட்டைகள் ஒரு வாரம் தாமதமாயின. தலைமையாசிரியர் மிகவும் கோபித்துக்கொண்டார்.