தோட்டத்தில் முளைத்த காளானைச் சமைக்கலாமா?



மழைக்காலம் தொடங்கியதும் இப்பகுதிக்கு வருகிற கடிதங்களின் பொருளும் மாறிவிடுகிறது. கோடையில் கறிவேப்பிலையில் புள்ளி, ரோஜாவில் பூச்சி என்று கேட்டவர்கள், மழை பிடித்துக்கொண்டபின் காளானைப் பற்றிக் கேட்கிறார்கள். இம்முறை புனேயில் குடியிருக்கும் ஒரு சகோதரியின் கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் வசிக்கும் கீழ்த்தளக் குடியிருப்பின் பின்புறம் சிறிய புல்வெளி ஒன்று உண்டாம். நான்கு நாள் மழைக்குப் பிறகு அங்கே வட்டமாக, தட்டு அகலத்திற்கு வெள்ளைக் காளான்கள் விரிந்திருக்கின்றன. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "இது நம் ஊர்க் காளான்தான், மிளகு போட்டு வதக்கினால் கோழிக்கறி தோற்றுப்போகும்" என்கிறார். கணவரோ தொடவே கூடாது என்கிறார். "அத்தையின் மனம் நோகாமல் என்ன சொல்வது?" என்பது சகோதரியின் கேள்வி.

முதலில் அந்த அம்மையாருக்காகப் பேசிவிடுகிறேன். அவர் சொல்வது வீண் பேச்சன்று. இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியற்காலையில் புற்று மேட்டுக்குப் போய்க் காளான் பறித்து வந்த தலைமுறை அது. நம் கிராமங்களில் உண்ணப்படும் புற்றுக்காளான் கறையானோடு சேர்ந்து வாழ்வது. கறையான் தன் புற்றுக்குள் மென்ற இலைதழைகளை அடுக்கிப் பாத்திபோல் அமைத்து, அதில் இந்தப் பூஞ்சையை வளர்த்து உண்கிறது. மழை இறங்கியதும் அப்பாத்தியிலிருந்து நீண்ட வேர்போன்ற காம்பு மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. குடையின் நடுவில் கூரான முனை ஒன்று இருக்கும். கறையானின்றி இது வளராது. ஆகவேதான் இத்தனை சுவையுள்ள காளானை இன்றுவரை பண்ணையில் பயிரிட இயலவில்லை. ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே பருவத்தில் முளைப்பதால், எந்தப் புற்றில் எப்போது வரும் என்பதைத் தாய் மகளுக்குக் காட்டிக்கொடுத்தாள். அந்த அறிவை நான் மதிக்கிறேன்.

ஆயின் அந்த அறிவு ஒரு குறிப்பிட்ட புற்றையும் ஒரு குறிப்பிட்ட நிலத்தையும் பற்றியது. புனேயின் புல்வெளிக்கும் பெங்களூரின் பூந்தொட்டிக்கும் அது தானாகப் பொருந்திவிடாது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களாகிய நாம் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

இதற்கு அயல்நாட்டில் நடந்த ஒரு துயரச் சம்பவத்தைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், சீனாவிலிருந்து வந்து வேலை பார்த்த சமையல்காரர் ஒருவர், 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று, புத்தாண்டு விருந்துக்காகத் தாம் பறித்த காளானைச் சமைத்து நண்பர்களுக்குப் பரிமாறினார். அவரும் உடன் உண்ட ஒரு பெண்மணியும் சில நாட்களில் இறந்துபோனார்கள். ஆசிய நாடுகளில் வைக்கோலில் வளரும் நல்ல காளான் ஒன்று உண்டு. இளம் பருவத்தில் அது முட்டைபோல் ஓர் உறைக்குள் இருக்கும். மரணத்தொப்பி எனத்தக்க அமானிட்டா என்னும் கொடிய காளானும் இளமையில் அதே முட்டை வடிவம்தான். சொந்த ஊரில் அந்தக் கொடியதைக் கண்டிராத ஒருவருக்குச் சந்தேகமே எழாது. அமெரிக்காவில் குடியேறிய லாவோஸ் நாட்டு அகதிகளும் இவ்விதமே ஏமாந்திருக்கிறார்கள். சமையலே தொழிலாகக் கொண்டவரும் தப்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் இது நேர்கிறது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் மேல் அசாம் மாவட்டங்களில் காட்டுக் காளானைச் சமைத்துண்ட 13 பேர் இறந்தனர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் குடும்பத்தினர். பிள்ளைகளும் அதில் உண்டு. காலங்காலமாகக் காளான் பறித்து உண்பவர்கள்தாம் அவர்களும்.

இனி புனேச் சகோதரியின் புல்வெளிக்கு வருவோம். குடையின் மேல் பழுப்புச் செதில்கள், காம்பில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய மோதிரம் போன்ற வளையம், முளைத்திருப்பது புல்தரையில் வட்டமாக என்று அவர் எழுதியிருக்கிறார். இந்த அடையாளங்களுக்குப் பொருந்தி வருவது குளோரோஃபில்லம் என்னும் இனத்தைச் சேர்ந்த பச்சைச் செதில் காளான். வெப்ப நாடுகளின் புல்வெளிகளிலும் பூங்காக்களிலும் மழைக்குப்பின் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. வட அமெரிக்காவில் மக்கள் அதிகமாக உண்டு நோயுறுகிற நச்சுக்காளான் இதுவே. குடையைத் திருப்பிப் பார்த்தால் மடிப்பு மடிப்பாகத் தெரியும் செதில்கள் முதலில் வெண்மையாக இருக்கும். முதிர முதிர அழுக்குப் பச்சை நிறம் ஏறும். இளங்காளானைப் பறித்தவர் இந்தப் பச்சையைப் பார்க்கவே மாட்டார், அதுதான் இதிலுள்ள கண்ணி. உண்ட 1 முதல் 3 மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் பேதியும் தொடங்கும். பெரியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். சிறு பிள்ளைகளுக்கு உடலின் நீர் வற்றி ஆபத்தாகிவிடும்.

ஐயம் தீர வேண்டுமாயின் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கும் இது நல்ல பாடம். விரிந்த குடையைக் காம்பில்லாமல் நறுக்கி, செதில்கள் கீழ்நோக்கும்படி வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, கண்ணாடித் தம்ளரால் மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் காகிதத்தில் மெல்லிய தூள் படிந்து, செதில்களின் அச்சு சக்கரம்போல் விழுந்திருக்கும். அந்தத் தூள் காளானின் வித்து. பச்சை நிறமாயிருந்தால் நான் சொன்ன காளான்தான். ஆனால் தூள் பச்சையாக இல்லை, ஆகவே உண்ணலாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மரணத்தொப்பியின் தூள் தூய வெண்மை. இச்சோதனை ஒரு காளானை விலக்குவதற்குப் பயன்படும். ஒன்றை உண்ணத் தகுந்ததென்று அனுமதிப்பதற்குப் பயன்படாது.

நம் வீடுகளில் வழங்கும் வேறு சோதனைகள் இதைவிட ஆபத்தானவை. காளான் கொதிக்கும்போது வெள்ளிக் கரண்டியை விட்டுப் பார், கறுத்தால் விஷம் என்பார்கள். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அவித்த முட்டையில் வைத்தாலும் கறுக்கும். காளானின் நஞ்சு வெள்ளியை ஒன்றும் செய்வதில்லை. பூண்டோ அரிசியோ சேர்த்து நிறம் பார்ப்பதும் அப்படியே. பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான் என்பது இன்னொன்று. மனிதனைக் கொல்லும் அமானிட்டாவை நத்தைகள் சுகமாகத் தின்றுவிட்டு ஊர்ந்து போகின்றன. தோல் உரிந்தால் நல்லது, வெள்ளையாயிருந்தால் நல்லது என்பனவற்றிற்கும் ஆதாரம் இல்லை. நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் கொடியது. அமாடாக்சின் என்னும் அந்த நஞ்சு கொதியிலும் அழியாது, உலர்த்தினாலும் அழியாது. இக்காலத்தில் கைப்பேசியில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளும் வந்திருக்கின்றன. ஒரு பூவின் பெயர் அறிய அவை போதும். சட்டியில் ஏற்றுவதற்கு அவற்றை நம்ப வேண்டாம்.

வேதாகமம் வாசிக்கிற நமக்கு 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தின் கூழ்ப்பானை நினைவுக்கு வரும். கில்காலில் பஞ்சம், கீரை பறிக்கப் போனவன் இன்னதென்று அறியாமல் பேய்க்கொம்மட்டிக் காய்களை மடிநிறைய அறுத்து வந்து பானையில் போட்டுவிட்டான். பிறருக்கு உணவளிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான் அவனுக்கும். அங்கே உண்டவர்கள் வாயில் வைத்தபோதே கூக்குரலிட்டார்கள். பேய்க்கொம்மட்டியின் கசப்பு அப்படிப்பட்டது, அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். காளானிடம் அந்த இரக்கம் கிடையாது. மரணத்தொப்பியை உண்டு பிழைத்தவர்கள், அது மிக ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள்.

அதன் வேலையும் தந்திரமானது. உண்டபின் 6 மணி முதல் 24 மணி நேரம்வரை உடம்பில் ஒன்றும் தெரியாது. இரவு காளான் குழம்பு, காலையில் இட்லி, பத்து மணிக்கு வாந்தி என்றால் பழி இட்லியின்மேல்தான் விழும். ஒரு நாள் வாந்தியும் பேதியும் வாட்டியபின், நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். வீட்டார் நிம்மதி அடைவார்கள். அந்த நிம்மதியின் நேரத்தில்தான் நஞ்சு ஈரலை அழித்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளாகி நினைவு தப்பும்போது, ஈரலையே மாற்றினாலொழிய உயிர் தங்காத நிலை சிலருக்கு வந்துவிடுகிறது.

ஆகையால் யாரேனும் அறியாத காளானை உண்டுவிட்டால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். உப்பு நீரோ புளித் தண்ணீரோ குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யவும் வேண்டாம். பேதி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் தவறு. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஜெபிக்கிறவர்கள் வண்டியில் போகும்போதே ஜெபிக்கலாம். எஞ்சிய காளானையோ குப்பையில் போட்ட அதன் அடிக்காம்பையோ காகிதத்தில் சுற்றி உடன் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அது சீக்கிரம் அழுகி உருத்தெரியாமல் போகும். எப்போது உண்டார், எத்தனை பேர் உண்டார்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உடன் உண்டவர்களுக்கு நோய்க்குறி இல்லாவிட்டாலும் அவர்களையும் அழைத்துப்போக வேண்டும். புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தேசிய நச்சுத் தகவல் மையம் இரவும் பகலும் இயங்குகிறது. நீங்கள் செல்லும் மருத்துவர் அங்கே கேட்டு ஆலோசனை பெற முடியும்.

இவ்வளவு சொன்னதால் தோட்டத்தில் காளானைக் கண்டதும் அஞ்சிச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். மண்ணுக்குள் புதைந்த மரத்துண்டு, பழைய வேர், தொழுவுரம், தேங்காய் நார்த்தூள் ஆகியவற்றை மக்கச் செய்யும் பூஞ்சைதான் மழையில் குடை விரிக்கிறது. செடிக்குப் பெரும்பாலும் தீங்கில்லை, மண்ணுக்கு நன்மையே. பூந்தொட்டியில் திடீரென்று எலுமிச்சை மஞ்சளாகச் சின்னக் குடைகள் எழும்புவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அழகானவை, உண்ணத் தகாதவை, செடியை ஒன்றும் செய்யாதவை. காளானைத் தொட்டால் விஷம் ஏறும் என்பதும் இல்லை. தவழும் குழந்தையோ நாயோ இருக்கிற வீடானால், குடை விரியுமுன் காலைதோறும் அடியோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் சேர்த்து, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பூஞ்சையின் இழைகள் மண்ணுக்குள் இருப்பதால் அடுத்த மழைக்கு மீண்டும் வரும், சலிப்படைய வேண்டாம். மருந்து தெளிப்பது வீண் செலவு.

அத்தையிடம் என்ன சொல்வது என்ற கேள்விக்கு என் ஆலோசனை இது. "உங்களுக்குத் தெரியாது" என்ற சொல் வேண்டாம். "அத்தை, இங்கே புற்று இல்லையே, காம்பில் வளையம் வேறு இருக்கிறதே, நம் ஊர்க் காளானில் இப்படி உண்டா?" என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். புற்றுக்காளானைப் பறித்து வளர்ந்த கண்ணுக்கு வேறுபாடு தெரியும். காம்பைத் தோண்டினால் நீண்ட வேர் இல்லாததை அவரே காட்டுவார்.

காளான் குழம்பின் ஆசை தீர வழி உண்டு. சிப்பிக்காளானை வீட்டிலேயே வளர்க்கலாம். விதை என்று வழங்கும் காளான் வித்துப் பொட்டலத்தை வேளாண்மைப் பல்கலைக்கழகங்களிலோ நம்பகமான வித்துக் கூடங்களிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வைக்கோலை ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிநீரில் வேகவைத்து, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் உலர்த்தி, பாலித்தீன் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, வித்து ஓர் அடுக்கு என நிரப்பிக் கட்டிச் சில துளைகள் இடுங்கள். இருட்டான மூலையில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டால் பை முழுவதும் வெண்ணிழை படரும். பிறகு வெளிச்சமும் காற்றும் படும்படி வைத்து நாள்தோறும் நீர் தெளித்துவந்தால் மொட்டுகள் வெளிவரும். வெயில் மிகுந்த ஊர்களில் இருப்பவர்களுக்குப் பால் காளான் ஏற்றது. அதற்கென்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே. 2 என்ற இரகத்தை வெளியிட்டிருக்கிறது. வெண்ணிழை படர்ந்தபின் பையைக் குறுக்கே வெட்டி மேலே மண் பரப்ப வேண்டும் என்பதே இதில் கூடுதல் வேலை. மிளகு போட்டு வதக்கும் பொறுப்பை அத்தையிடமே விட்டுவிடலாம்.