கியர்பாக்ஸ் போச்சா, சென்சார் போச்சா?

பதினைந்து வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் வேன் மேட்டில் ஏறும்போது இன்ஜின் மட்டும் இரைந்து, வண்டி நகர முரண்டு பிடித்தால், பட்டறையில் வரும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "கியர்பாக்ஸ் போச்சு, மாத்தணும்." அமெரிக்காவில் அந்தச் செலவு பழைய வேனின் விலையையே தாண்டிவிடுவது சகஜம். கூடவே, ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்ற உபதேசமும் இலவசமாகக் கிடைக்கும்.

அந்த உபதேசத்தைக் கேட்க வேண்டியவர் எல்லா நேரமும் வேன்காரர் அல்ல.

1989 மாடல் மினிவேன்களில் கிரைஸ்லர் 'அல்ட்ராடிரைவ்' என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. கணினியே கியர் மாற்றும். கிளட்ச் பிளேட் தேயத் தேய அதற்கேற்ப ஆயில் அழுத்தத்தையும் தானே திருத்திக்கொள்ளும். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனைதான். ஆனால் அதற்கென்று தனி ஆயில் தேவைப்பட்டது. அது கிடைக்காத நேரத்தில் கடையில் விற்கும் டெக்ஸ்ரான் ஆயிலை ஊற்றலாம் என்று நிறுவனத்தின் கையேடே சொல்லிவைத்தது. அதை நம்பி ஊற்றியவர்களின் வேன்கள் ஓடும்போதே உதறின. படித்ததைப் படித்தபடி செய்த மனிதரைப் பராமரிக்கத் தெரியாதவர் என்று எப்படிச் சொல்வது?

ஹோண்டா ஒடிசி கதை வேறு மாதிரி. 2004 ஏப்ரலில் ஒடிசி, பைலட் உள்ளிட்ட சுமார் 11 லட்சம் வண்டிகளை ஹோண்டா அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. இரண்டாம் கியரில் சூடு ஏறிப் பற்கள் உடையலாம். ஓட்டத்திலேயே கியர்பாக்ஸ் இறுகிக்கொள்ளலாம் என்பதுதான் காரணம். 15,000 மைலுக்குள் ஓடிய வண்டிகளில் அந்தக் கியருக்குக் கூடுதலாக ஆயில் பாயும்படி மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஓடியவற்றில் பல்சக்கரம் சூட்டில் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் கியர்பாக்ஸையே மாற்றினார்கள். முந்தைய 1999-2001 ஒடிசிகளுக்கு கியர்பாக்ஸ் வாரண்டி 7 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் எட்டாம் வருடம் பழுதாகும் வண்டி பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கியவரிடம்தான் இருக்கும். புது வேன் வாங்க முடியாததால்தானே அவர் அதை வாங்கினார்!

ஆயுள் முழுக்க ஆயில் மாற்றவே வேண்டாம் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அந்த ஆயுள் எத்தனை மைல் என்பதைக் கையேட்டில் அச்சடிக்கச் சொல்லிச் சட்டம் வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சட்டம் வரும்வரை வேன்காரர் தன் பர்ஸைக் காத்துக்கொள்ள வேண்டுமே. பழைய கிரைஸ்லர் வேன் ஒன்று திடீரென்று இரண்டாம் கியரிலேயே மாட்டிக்கொண்டு, ஸ்பீடாமீட்டர் முள்ளும் பூஜ்யத்தில் படுத்துவிட்டால் கியர்பாக்ஸ் செத்தது என்று அர்த்தமில்லை. வேக சென்சார் தவறான தகவல் தந்தால் கணினி தற்காப்புக்காகக் கியரைப் பூட்டிவிடும். அந்த சென்சார் கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில் திருகியிருக்கும் சின்ன உருப்படி. கழற்றி மாட்ட கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம். ஆகவே ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீட்டைக் காட்டாத மெக்கானிக்கிடம் சாவியை விட்டுவிட்டு வரக் கூடாது.

ஆயில் கருத்து, கருகிய வாடை அடித்து, அடியில் உள்ள தட்டைக் கழற்றினால் உலோகத் துணுக்குகள் மினுங்கினால் மட்டும் கதை வேறு. அப்போது புது ஆயில் ஊற்றிப் பயனில்லை. புது ஆயில் ஊற்றியதால்தான் கியர்பாக்ஸ் போனது என்ற பேச்சும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் பிறப்பதுதான். ஏற்கெனவே தேய்ந்துபோன பிளேட்டின் பழி ஆயில்மேல் விழுகிறது.

காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதே வருடத்து ஒடிசியின் கியர்பாக்ஸை வாங்கி மாட்டுகிறவர்கள், அந்த வண்டி ஏன் காயலான் கடைக்கு வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.