சதமானக் கணக்கு

தேசியத் தேர்வு முகமை 2019-ஆம் வருஷம் முதல் நடத்திவரும் ஜே.இ.இ. மெயின் பரீட்சையின் முடிவு வெளியாகும்போதெல்லாம் சிவகிரி போன்ற ஊர்களில் ஒரு சந்தேகம் கிளம்புகிறது. பௌதிகம், ரஸாயனம், கணிதம் ஆகிய மூன்றின் சதமானங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மொத்தச் சதமானம் வரவில்லையே, கணக்கில் பிழையோ என்பதே அது. பிழையன்று.

பரீட்சை பல நாட்களில், பல அமர்வுகளாக நடக்கிறது. அமர்வுக்கு அமர்வு வினாத்தாள் வேறு. ஆகவே 300-க்கு எத்தனை மார்க்கு என்பதை முகமை நேராக ஒப்பிடுவதில்லை. அதே அமர்வில் எழுதியவர்களில் இம்மாணவனுக்குச் சமமாகவோ குறைவாகவோ பெற்றவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்றே பார்க்கிறது. லக்ஷம் பேரில் 99,000 பேர் அவ்வாறிருந்தால் அவன் சதமானம் 99. பலர் ஒரே எண்ணில் குவியாதிருக்க 7 தசம ஸ்தானம் வரை கணக்கிடுகிறார்கள். மொத்தச் சதமானமோ மூன்று பாடங்களின் மொத்த மார்க்கைக் கொண்டு தனியே போடப்படுவது. பாடந்தோறும் 90 பெற்றவன் மொத்தத்தில் அதற்கு மேலும் நிற்கக்கூடும்; கணிதத்தில் அவனை வென்ற பலர் ரஸாயனத்தில் பின்தங்கியிருப்பர் அல்லவா?

அமெரிக்காவின் ஜி.ஆர்.இ. வேறு வழி. முதற் பகுதியைச் சிறப்பாக எழுதியவனுக்கு இரண்டாம் பகுதியில் கடின வினாக்கள் வரும். சரியான விடைகளோடு வினாக்களின் கடினத்தையும் சேர்த்து 130 முதல் 170 வரை மதிப்பிடுவார்கள். இங்கே கடினம் அவ்வாறு அளக்கப்படுவதில்லை. எல்லா அமர்வுக் கூட்டமும் திறமையில் சமம் என்று கொள்ளப்படுகிறது. ஒரே மாதத்து அமர்வுகளுக்கு இவ்வனுமானம் ஏறக்குறையப் பொருந்தலாம். ஜனவரிக் கூட்டமும் ஏப்ரல் கூட்டமும் சமமென்று எவ்வாறு கொள்வது? இரண்டாம் முறை எழுதுவதும் எழுதாதிருப்பதும் அவரவர் இஷ்டமாயிற்றே!

முறையை முகமை தன் அறிக்கையில் பிரசுரித்திருப்பது மெய். ஆயினும் முறை வேறு, கணக்கு வேறு. சட்டப்பிரிவை மட்டும் சொல்லிக் காரணம் எழுதாத தீர்ப்பை மேல்கோர்ட்டு ஏற்குமா? எந்த அமர்வில் எத்தனை மார்க்குக்கு எத்தனை சதமானம் என்ற முழுப் பட்டியலை முகமையே தமிழிலும் வெளியிட வேண்டும். 2021 முதல் வினாத்தாளையே தமிழில் தருபவர்களுக்கு இது அரிய காரியமன்று. தனிப்பயிற்சிச் சாலைகளின் ஊகப் பட்டியலை நம்பியே, திருச்சி என்.ஐ.டி.க்கு ஆசைப்படலாமா, ஏப்ரலில் மறுபடி எழுதலாமா என்று நம் கிராமத்துப் பையன் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பணமுள்ளவன் வீட்டில் இதற்கு யோசனை சொல்ல ஆளுண்டு.

தென்காசியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நாம் டில்லிக்கு அனுப்பிய அங்கத்தினர்கள் வரும் பார்லிமெண்டுக் கூட்டத்திலேயே இப்பட்டியலைக் கேட்பார்களா?