ஐம்பது வயது அம்பாசிடர் குடும்ப வண்டி ஆகுமா?

கேள்வி: “எட்டயபுரம் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறோம். வீட்டில் ஆறு பேர். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மாதம் ஒருமுறை திருநெல்வேலிக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். போன கார்த்திகையில் ஒருநாள் ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்றார். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு ஒரு கார் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. 1974-ஆம் வருஷத்து பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ‘ஐம்பது வயசு ஆயிருச்சு, விண்டேஜ் நம்பர் வாங்கிக்கலாம். வீட்டுக்கும் ஓட்டலாம், விலையும் ஏறும்’ என்கிறார் தரகர். வாங்கலாமா?”

- வாசகர், எட்டயபுரம் வட்டாரம்

பதில்: தரகர் சொன்னதில் இரண்டு விஷயம் இருக்கிறது. வீட்டுக்கு ஓட்டலாம் என்பது ஒன்று. விண்டேஜ் நம்பர் வாங்கலாம் என்பது இன்னொன்று. சட்டப்படி இந்த இரண்டும் ஒரே வண்டிக்குச் சேராது. முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

விண்டேஜ் நம்பர் என்றால் என்ன?

மத்திய அரசு 2021-இல் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு ‘வி.ஏ.’ என்று வரும்.

ஆனால், அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டுக்கு வரலாம். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அந்தப் பட்டியலில் இல்லை. வாடகைக்கு விடுவதும் கூடாது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. வண்டியின் பாடி, சேஸ், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிய அம்பாசிடர்கள் ஏராளம். அவற்றுக்கு வயது எத்தனை ஆனாலும் விண்டேஜ் பதிவு கிடைப்பது கஷ்டம்.

ஆக, வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர் விண்டேஜ் பேச்சையே விட்டுவிட வேண்டும். 50 வயது ஆனாலும் சாதாரணப் பதிவிலேயே வைத்து ஓட்டுவதற்குத் தமிழ்நாட்டில் தடை இல்லை. டெல்லியில் பழைய வண்டிகளுக்கு இருக்கும் 10 வருஷம், 15 வருஷம் என்ற கட்டுப்பாடு இங்கே கிடையாது. ஆனால், பதிவு உயிரோடு இருக்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகம்தான் முதல் பல்

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை. பழைய காருக்கு ஆர்.சி. புத்தகம்தான் பல். தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகத் தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கு இந்தக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். பசுமை வரி தனி.

கெடு தாண்டினால் மாதம் ஒன்றுக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். மூன்று வருஷம் புதுப்பிக்காமல் கிடந்த காருக்கு இதுவே 18,000 ரூபாய். விற்கிறவர் சொல்லாமல் விட்டால், அந்தக் கடன் வாங்குகிறவர் தலையில் வந்து விழும்.

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண், சேஸ் எண், எரிபொருள் வகை மூன்றும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இருக்கை எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். அம்பாசிடரில் எட்டுப் பேர் கல்யாணத்துக்குப் போன கதை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஆர்.சி.யில் ஐந்து என்று இருந்தால், ஆறு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு இடமில்லை. கூட ஆள் ஏற்றிப் போய் விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எந்த வண்டிக்கும் கட்டாயம். 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி, 1,489 சி.சி. எஞ்சின் உள்ள அம்பாசிடருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். பிற்காலத்தில் வந்த இசுசூ 1,817 சி.சி. எஞ்சின் என்றால் 7,897 ரூபாய். வரி தனி.

கரிசலில் எது தாங்கும்?

இந்த வட்டாரத்தில் அம்பாசிடர் மேல் இருக்கும் மதிப்பு சும்மா வந்ததல்ல. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை தயாரான வண்டி இது. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். தகரம் கனமானது. மேடு பள்ளத்தில் ஆட்டம் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கை நாற்காலி உயரத்தில் இருக்கும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் ஜீப்பில் ஏற வேண்டியது போல ஏறவும் வேண்டாம், சின்னக் காரில் குனிந்து இறங்குவது போல இறங்கவும் வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே அம்பாசிடரை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

ஆனால் கரிசல் மண்ணின் குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் இந்த மண் களியாகி டயரில் அப்பிக்கொள்ளும். அந்த நேரத்தில் வண்டிப்பாதையில் அம்பாசிடரும் போகாது, புதுக் காரும் போகாது. டிராக்டர்தான். காட்டுக்குப் போக கார் வாங்குவது வீண். தார் ரோட்டில் இருக்கும் வீட்டுக்குத்தான் கார்.

அப்பிய மண்ணைக் கழுவாமல் விட்டால், மட்கார்டுக்குள்ளும் அடித்தளத்திலும் ஈரத்தைப் பல நாள் பிடித்து வைத்திருக்கும். அங்கேதான் துரு தொடங்கும். அம்பாசிடருக்குத் தனி சேஸ் கிடையாது. பாடிதான் வண்டியின் முதுகெலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, பின் ஸ்பிரிங் பூட்டும் இடம், டிக்கித் தளம் ஆகியவை துருப்பிடித்திருந்தால், மேலே பளபளவென்று பெயின்ட் இருந்தும் பயனில்லை. எஞ்சினை ஒரு வாரத்தில் பிரித்துச் சேர்த்துவிடலாம். உளுத்த பாடியைச் சரிசெய்ய வாங்கிய விலைக்கு மேல் போகும்.

சோதிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ் ஓரத்திலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்க்க வேண்டும். தகரம் இருந்தால் ஒட்டும். பட்டி போட்டுப் பூசியிருந்தால் நழுவும். பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கி அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு விற்கிறவர் தயங்கினால் அதுவே பதில்.

பெட்ரோலில் கலந்திருக்கும் மக்காச்சோளம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்தில் விளையும் மக்காச்சோளம் கோழித்தீவனத்துக்குப் போவது எல்லோருக்கும் தெரியும். நாட்டில் இப்போது எத்தனால் ஆலைகளுக்கும் மக்காச்சோளம் பெரிய அளவில் போகிறது. அந்த எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக பங்க்குகளுக்கு வந்தது. மக்காச்சோளம் போடுகிறவருக்கு அது நல்ல சேதி. 1974-ஆம் வருஷத்து காருக்கு அது அவ்வளவு நல்லதல்ல.

அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும், பெட்ரோல் பம்ப்பின் உள் சவ்வும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி, வெடித்து, கசியத் தொடங்கும். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்க்கில் தண்ணீர் சேர்ந்து துருப்பிடிக்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. எனவே பழைய பெட்ரோல் கார் வாங்கினால், ஓட்டத் தொடங்கும் முன்பே எத்தனாலைத் தாங்கும் குழாய்களும் பம்ப் சாமான்களும் மாற்றி, டேங்க்கைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இதைக் கார் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஓட்டும் செலவும் உண்டு. மாதம் 400 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு 44 லிட்டர் வேண்டும். 16 கிலோமீட்டர் கொடுக்கும் சின்னக் காருக்கு 25 லிட்டர் போதும். லிட்டர் நூறு ரூபாய் என்றாலே மாதம் 1,900 ரூபாய், வருஷத்துக்கு 22,800 ரூபாய் வித்தியாசம். ஒரு போகத்துக்கு விதையும் உரமும் வாங்க உதவும் பணம் அது.

பிரேக் பற்றிப் பேசாமல் முடிவு செய்யக் கூடாது

இந்தக் கேள்வியில் முக்கியமானது கார்த்திகை மாத ராத்திரிதான். எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி சுமார் 15 கிலோமீட்டர். அங்கிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் இன்னும் 55 கிலோமீட்டர் போல இருக்கும். லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்கிற சாலை அது.

1974-ஆம் வருஷத்து அம்பாசிடரில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒற்றை மாஸ்டர் சிலிண்டர் உள்ள அமைப்பு என்றால், ஒரு குழாய் கசிந்தாலே நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ஏர்பேக் கிடையாது. பின்சீட்டில் பெல்ட் கிடையாது. முன்விளக்கு வெளிச்சமும் குறைவு. பதற்றத்தில் இருக்கும் மகன், நெஞ்சு வலியில் இருக்கும் அப்பாவை வைத்துக்கொண்டு, மழை ராத்திரியில் அந்தச் சாலையில் ஓட்டுவதற்கு ஏற்ற வண்டி அல்ல அது. அதுவும், அன்று அது ஸ்டார்ட் ஆனால்தான்.

நெஞ்சு வலிக்கு முதல் போன் 108-க்குத்தான் போட வேண்டும். புதுக் கார் வாசலில் நின்றாலும் இதுவே சரி. ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் உண்டு, பயிற்சி பெற்ற ஆள் உண்டு. எங்கே கொண்டுபோவது என்று வழியிலேயே முடிவு செய்வார்கள். வீட்டில் உள்ள பெரிய பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் இந்த எண்ணும், ஊருக்கு வரும் வழியை எப்படிச் சொல்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அப்பா சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் ஸ்டென்ட் வைத்த காகிதமும் ஒரே பையில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தைக் குறைக்க இது உதவும். இதற்கு ஒரு ரூபாய் செலவு இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வாசகர் ஒரு மாதத்துக்கு வீட்டில் யார், எங்கே, எப்போது, எத்தனை பேர் போனார்கள் என்று நோட்டில் எழுதிப் பார்க்கலாம். பட்டியலில் மாதம் ஒரு திருநெல்வேலிப் பயணமும், இரண்டு மூன்று விசேஷ வீடும் மட்டுமே இருந்தால், வாடகைக் காரும் கோவில்பட்டியிலிருந்து ரயிலும் போதும். ஒன்றரை லட்சம் புரட்டாசி விதைப்புக்குக் கையில் நிற்கும். படைப்புழு வந்தாலோ மழை தவறினாலோ அந்தப் பணம்தான் துணை.

பயணம் அடிக்கடி இருக்கிறது, கார் கட்டாயம் என்றால், வீட்டின் ஒரே வண்டியாக 1974 அம்பாசிடர் வேண்டாம். பதிவு உயிரோடு உள்ள, ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் உள்ள, சாமான் கோவில்பட்டியிலேயே கிடைக்கும் சின்னக் காரைப் பார்க்கலாம். ஆறு பேரும் சேர்ந்தே போக வேண்டும் என்றால் ஏழு இருக்கை என்று ஆர்.சி.யில் உள்ள வண்டியைத்தான் தேட வேண்டும். எதை வாங்கினாலும் கையிருப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. டயர், பிரேக், பேட்டரிக்கு என்று மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்பாசிடர்மேல் ஆசை விடவில்லை என்றால் அதுவும் தப்பில்லை. பாடி துருவில்லாமல், ஆர்.சி. சுத்தமாக, பிரேக்கும் பெட்ரோல் குழாய்களும் புதிதாக மாற்றப்பட்டு, அந்த வண்டியின் வேலை தெரிந்த மெக்கானிக் பக்கத்திலேயே இருந்தால், எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கும் கழுகுமலைக் கோயிலுக்கும் பகலில் நிதானமாக ஓட்ட நல்ல வண்டிதான். வீட்டில் இன்னொரு நம்பகமான வண்டி வந்த பிறகு, இரண்டாவது வண்டியாக அது வரட்டும்.